நெடுவழிச் சாரதியும் பத்திய உணவும்

பத்தியம் என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. மருந்துண்ணுங் காலத்தில் இன்னது உண்ணத்தக்கது, இன்னது தள்ளத்தக்கது என்று மூத்தோர் வகுத்த முறை தலைமுறை தலைமுறையாக நம் அடுக்களைகளில் வழங்கி வந்துள்ளது. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வேரையும் பட்டையையும் விரித்துரையாது, முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணும் ஒழுக்கத்தையே பெரிதும் வற்புறுத்தினார். எனினும், பத்தியம் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் தம் உள்ளத்திற் கொள்ளும் நோயாளி பெரும்பாலும் வீட்டிலிருப்பவன். அவனுக்குச் சமைத்துக் கொடுப்பார் உளர். உண்ணுதற்கு வேளை உண்டு. உண்டபின் உலாவ முற்றமும் உண்டு. இவை யாவும் இல்லாத ஒருவன், இரவிலே மலையிறங்கிப் பகலிலே மலையேறும் லொறிச் சாரதி, பத்தியம் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு இயன்றவரை விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழா மலர் ஒன்றிற்கு இப்பொருள் ஏற்புடையதோ என்று சிலர் ஐயுறலாம். பழைய மாணவராகிய நம்முள் வைத்தியரும் ஆசிரியரும் மட்டுமல்லர், லொறி உடைமையாளரும் மரக்கறி வணிகரும் உளர்; தந்தையார் சுக்கானைப் பிடித்து ஈட்டிய பொருளினால் கல்வி பெற்று உயர்ந்தோரும் உளர். அத்தகையோர் கையில் இம்மலர் சேருமாதலின், ஈண்டு எழுதுவது உரியவர் செவியைச் சென்றடையும் என்பது நம் நம்பிக்கை.

கினிகத்தேனையும் சாலையும்

அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரை செல்லும் ஏ-7 நெடுஞ்சாலை ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளமுடையது. யட்டியாந்தோட்டை, கித்துல்கலை ஆகிய ஊர்களைக் கடந்து, களனி கங்கையின் பள்ளத்தாக்கை விட்டு மேலேறும் அச்சாலை, கினிகத்தேனைக் கணவாயை அடைந்து, வட்டவளை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவைச் சேர்கின்றது. நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதையும் கினிகத்தேனையிலேயே வந்து கூடுகின்றது. சிங்கள மொழியில் 'தீப்பற்றிய சேனை' என்று பொருள்படும் பெயரையுடைய இவ்வூர், மலையேறும் வண்டிகள் இளைப்பாறுவதற்கும் மலையிறங்கும் வண்டிகள் தடையைச் சோதித்துக் கொள்வதற்கும் இயற்கையே அமைத்த தங்குமிடம் போல்வது. ஆகவே இங்குத் தேநீர்க் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் குறைவில்லை.

முற்காலத்தில் மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளிற் கீழிறங்கிற்று. புகையிரதப் பாதை 1867 இல் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியபின் பாரமெல்லாம் தண்டவாளத்துக்கு மாறிற்று. பின்னர் மோட்டார் லொறி அப்பாரத்தைத் தன்பால் ஈர்த்துக் கொண்டது. இன்று, 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்துக்காகத் தோட்டத் தொழிற்சாலைகளிலிருந்து தேயிலை இறங்குவதும், பேலியகொடைச் சந்தைக்கும் 1999 இல் நிறுவப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் மலைநாட்டு மரக்கறி செல்வதும் பெரும்பாலும் லொறியிலேதான்.

பாரதம், அமெரிக்கா போன்ற பெருநாடுகளின் நெடுவழியோடு ஒப்பிடுமிடத்து நம் நாட்டுத் தூரம் சிறிதென்றே தோன்றும். ஆயின் சாரதியின் உடலை வாட்டுவது தூரம் மட்டுமன்று, காலமும் ஆகும். பிற்பகலிற் பாரமேற்றக் காத்திருப்பு, அந்தியிற் புறப்பாடு, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக் குளிரிலிருந்து ஓரிரவிலே கடற்கரைப் புழுக்கத்துக்கு இறக்கம், வைகறையிற் சந்தையிலே பாரமிறக்கக் காத்திருப்பு, மீண்டும் ஏற்றம். வட்டவளைப் பகுதி நாட்டிலேயே மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்றாதலின், மண்சரிவினாற் பாதை அடைபட்டு மணிக்கணக்கில் நிற்க நேர்வதும் உண்டு. இவ்வாழ்விலே 'வேளைக்கு உணவு' என்னும் அறிவுரை எளிதிற் பொருந்துவதன்று.

சுமப்பது ஒன்று, உண்பது ஒன்று

மரக்கறி லொறியைச் சற்றே நினைந்து பார்ப்போம். அதன் பின்புறத்தில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, பீற்றூட், நோக்கோல் ஆகியன மூட்டை மூட்டையாக அடுக்கப்பெற்றுள்ளன. உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாமல் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்று கூறுகின்றது. அத்தகைய உணவு ஆயிரக்கணக்கானோருக்குப் போதுமான அளவு வண்டியின் பின்னே இருக்க, முன்னே இருக்கும் சாரதி உண்பதோ மாவுப் பண்டம். மாலையில் ஒரு பணிசும் பால் தேநீரும். இரவில் எண்ணெயிற் புரண்ட கொத்துரொட்டி. நள்ளிரவில் உறக்கம் வராதிருக்கச் சீனி மிகுந்த சாயத் தேநீர். விடியலில் றோல்சும் வடையும். நண்பகலில் மலைபோற் குவித்த சோறு. இதுவே பலருடைய நாளுணவாக அமைந்துவிடுகின்றது.

இதனைச் சாரதியின் பேதைமை என்று பழிப்பது முறையன்று. கடையில் மலிந்து கிடைப்பது மாவும் சோறுமே. கைக்குள் அடங்குவதும், விரைவில் வயிற்றை நிறைப்பதும், விலை குறைந்ததும் அவையே. தோட்டப்புறத்துக் குடும்பங்களிற் கோதுமை மா ரொட்டி காலையுணவாக நெடுநாளாக வேரூன்றியுமுள்ளது. பழக்கமும் வறுமையும் காலக்குறைவும் ஒன்றுகூடி அமைத்த உணவு அது. ஆதலின் அதனை மாற்றுவதற்கு அறிவுரை மட்டும் போதாது. வழியும் காட்டல் வேண்டும்.

நோயின் இயல்பு

பத்தியம் வேண்டும் நோய்கள் பல. அவற்றுள் சாரதிமாரைப் பெரிதும் தொடருவன இரண்டு. ஒன்று, யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்றும் மலைநாட்டார் சீனி வருத்தம் என்றும் வழங்கும் நீரிழிவு. மற்றையது உயர் குருதியமுக்கம். இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற நாடளாவிய ஆய்வொன்று, வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் நீரிழிவையோ அதன் முன்னிலையையோ உடையர் என்று கண்டது. நாளெல்லாம் அமர்ந்திருத்தல், இரவு விழித்தல், மாவுணவு மிகுதல் ஆகிய மூன்றும் கூடிய தொழிலினர் இந்நோய்க்கு எளிதில் இலக்காவர் என்பது சொல்லாமலே விளங்கும்.

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, இடியப்பம், சீனி யாவும் குடலிற் குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலக்கின்றன. கணையத்திற் சுரக்கும் இன்சுலின் அக்குளுக்கோசைத் தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் செலுத்துகின்றது. இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்கு இணங்க மறுத்தாலோ குளுக்கோசு குருதியிலேயே தேங்குகின்றது. எட்டு மணி நேரமேனும் உண்ணாதிருந்து சோதிக்கும்போது டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலாக இருப்பின், மீண்டுஞ் சோதித்து நீரிழிவென்று உறுதி செய்வர். நெடுங்காலம் தேங்கிய குளுக்கோசு கண்ணின் உட்திரையையும் காலின் நரம்பையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பழுதாக்கும். கண்ணும் காலுமே சாரதியின் முதல். அம்முதல் அழியின் வாழ்வும் அழியும் என்பதை மறத்தலாகாது.

தேநீரிற் கரையும் சீனி

பத்தியத்தின் முதற்படி சோற்றிலன்று, தேநீரிலே தொடங்குகின்றது. ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனியென்று ஆறு கோப்பை அருந்துவானாயின், சாரதி ஒரு நாளிற் பதினெட்டுத் தேக்கரண்டி சீனியை உட்கொள்கின்றான். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கொண்டாலும் அது 72 கிராம் ஆகும். நாளொன்றுக்கு 2,000 கலோரி கொள்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதிக்கும் மேலெல்லை 50 கிராம். 25 கிராமுக்குட்பட்டிருப்பின் இன்னும் நன்று என்பதும் அதன் கருத்து. நலமுள்ளாருக்கே எல்லை இதுவாயின், நீரிழிவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

சீனியை ஒரே நாளில் விட்டொழிப்பார் சிலரே. வாரந்தோறும் கோப்பைக்கு அரைத் தேக்கரண்டி குறைத்து வருவோருக்கு ஆறு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இஞ்சி தட்டிப் போட்ட வெறுஞ்சாயம் மலைக்குளிருக்கு இதமானது. நல்ல தேயிலை விளையும் நாட்டிலே தேயிலையின் சுவையைச் சீனியால் மறைப்பதும் ஒருவகையிற் குறையே. போத்தற் பானங்களைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் சட்டத்தினால் விதிக்கப்பட்டுள்ளது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேற்பட்டது சிவப்பு; 2 கிராமுக்குக் குறைந்தது பச்சை; இடைப்பட்டது மஞ்சள். சாலையிற் சிவப்பு விளக்கைக் கண்டு நிற்கப் பழகிய சாரதிக்குப் போத்தலிற் சிவப்பைக் கண்டு கைவாங்குதல் அரிதன்று. மஞ்சள் அடையாளமும் நீரிழிவாளருக்கு அனுமதிச் சீட்டன்று என்பதையும் உடன் உணர்தல் வேண்டும்.

கடைச் சோற்றைப் பத்தியமாக்கும் முறை

நம் நாட்டுச் சோறுங் கறியும் தம்மளவில் தீய உணவல்ல. பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு சுண்டல், முட்டையோ மீனோ என்று அமையும் தட்டு உலகின் நல்லுணவுகளுள் வைத்தெண்ணத்தக்கது. தவறு நேர்வது விகிதத்திலே. தட்டின் முக்காற் பங்கைச் சோறு பிடித்துக்கொள்ள, மரக்கறி ஓரத்தில் ஒரு கரண்டியாக ஒதுங்குகின்றது. இதனைத் திருப்பிவிடுவதே பத்தியம். தட்டிற் பாதி மரக்கறியும் இலைக்கறியும். காற்பங்கு பருப்பு, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்று. எஞ்சிய காற்பங்கு சோறு. வேகவைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாப்பொருள் உளதாதலின், குவித்த தட்டுக்கும் அளவான தட்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை சிறிதன்று.

கடையிற் கேட்கவேண்டிய சொற்கள் மிகச் சில: "சோறு பாதி போடுங்கள், பொன்னாங்காணியும் போஞ்சியும் இரட்டிப்பாக வையுங்கள்." பெரும்பாலான கடைக்காரர் முகஞ்சுளியாது செய்வர். முதலில் மரக்கறியையும் பருப்பையும் உண்டு, சோற்றைப் பின்னர் உண்பதும் பயன் தரும். அவ்வொழுங்கினால் குளுக்கோசு ஏறும் வேகம் தணிகின்றது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தவிடு நீக்காத சிவப்பரிசி கிடைக்குமிடத்து அதனையே கொள்க. அதனையும் அளவோடு உண்க. சிவப்பரிசி என்பதற்காக இருமடங்கு உண்பார்க்குப் பயனொன்றுமில்லை.

கொத்துரொட்டியை அறவே விலக்குக என்று கூறின் அது ஏட்டிலே நிற்கும் அறிவுரையாகும். ஆதலின், ஒரு பொதியை இருவர் பகிர்ந்து உண்க. ரொட்டியைக் குறைத்து முட்டையும் கோவாவும் லீக்சும் கூட்டிப் போடச் செய்க. குழம்பை மேலே ஊற்றாது விடுக. இவ்வளவு செய்தாலே பெரும்பயன் உண்டு. வடை, றோல்ஸ், பற்றிஸ் ஆகியவற்றுக்கு ஈடாக அவித்த கடலை, அவித்த முட்டை, கொய்யா, வெள்ளரி ஆகியன வழியெங்கும் கிடைக்கின்றன.

உயர் குருதியமுக்கமும் உடையார் உப்பிலே கருத்து வைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட்ட உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டதே, உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடையிற் சேர்க்கும் சுவைத்தூள் ஆகியவற்றிலே உப்பு மறைந்து நிற்கின்றது. இவற்றுள் ஒரு வேளைக்கு ஒன்றுக்கு மேற் கொள்ளாதிருத்தல் நல்லதொரு விதி.

பொதியும் பொழுதும்

வழிப்பயணம் போவார் கட்டுச்சோறு கொண்டு செல்வது நம் பழைய வழக்கம். அவ்வழக்கத்தைப் புதுப்பித்தலே சாரதிக்கு மிகச்சிறந்த காவல். அட்டனிலோ கினிகத்தேனையிலோ வீடுடைய ஒருவர் மாலையிற் புறப்படும்போது கொண்டு செல்லத்தக்கவை இவை: இரண்டு குரக்கன் ரொட்டி, தாளித்த கடலை ஒரு கிண்ணம், ஓடு நீக்காத அவித்த முட்டை இரண்டு, பச்சைக் கரட்டும் வெள்ளரியும், உப்பிடாத வறுத்த நிலக்கடலை ஒரு பிடி, சுடுநீர்ப் போத்தலிற் சீனியில்லாச் சாயம், குடிநீர் இரண்டு போத்தல். வேகவைத்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் 7 கிராமுக்குக் குறையாத நார்ப்பொருளும் உள. அதனால் அது நெடுநேரம் பசியைத் தாங்கும். பச்சைத் தேங்காய்ச் சம்பலும் வல்லாரைச் சம்பலும் கீழ்நாட்டு வெப்பத்தில் விரைவிற் புளித்துப் பழுதாவன. அவற்றைப் பொதியிற் சேர்த்தலாகாது. சமைத்த உணவைச் சில மணி நேரத்துள் உண்டு முடித்தலே பாதுகாப்பு.

உண்ணும் பொழுதும் முக்கியமானது. ஒரே உணவு பகலிற் செய்வதிலும் நள்ளிரவில் குளுக்கோசை மிகுதியாக ஏற்றும். வயிறு நிறைந்தால் உறக்கமும் தொடரும். ஆதலின், முதன்மை உணவை அந்தியிற் புறப்படுமுன் உண்க. நடுவழியிற் சிற்றுணவு கொள்க. பாரமிறக்கியபின் காலையுணவு உண்க. காத்திருக்கும் நேரத்தை ஆசனத்திற் சாய்ந்தே கழியாது, உண்டபின் பத்து நிமிடம் லொறியைச் சுற்றியேனும் நடந்தால், தசைகள் குளுக்கோசைத் தாமே ஈர்த்துக்கொள்ளும். ஒதுங்க இடமில்லையென்று தண்ணீர் குடியாதிருக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. சீனி மிகுந்த குருதியுடையார்க்கு அஃது இருமடங்கு தீது.

சில மயக்கங்கள்

பத்தியம் காப்போரை வழிதவறச் செய்யும் எண்ணங்கள் சிலவற்றை ஈண்டுக் களைதல் தகும். கித்துல்கலைப் பகுதியிற் கூந்தற்பனையின் பதநீரிலிருந்து காய்ச்சிய கருப்பட்டியும் பாணியும் விற்பர். மணமும் சுவையும் மிக்க பண்டம் அது. ஆயினும் நீரிழிவுக்குத் தீங்கு செய்யாதென்று கருதுவது பிழை. அதிலுள்ளதும் பெரும்பாலும் சீனியே. கிறீம் கிறேக்கர் விசுகோத்தில் இனிப்பில்லை என்பது மெய்யே. எனினும் அது வெண்மாவினாலானது, வயிற்றிற் குளுக்கோசாகவே முடிவது. செவ்விளநீர் போத்தற் பானத்திலும் மேலானதாயினும் சீனியற்றதன்று. சிறுநீரகம் பழுதுற்றார் அதிலுள்ள பொற்றாசியத்தின் பொருட்டு வைத்தியரைக் கேளாமல் அருந்தலாகாது. பாகற்காயும் கொத்தல ஹிம்புட்டு மரக்கிண்ணத்து நீரும் குளுக்கோசைச் சற்றே குறைக்கலாம். அவற்றை நம்பி வில்லையை நிறுத்துவதும், வில்லையோடு அவற்றை வைத்தியருக்கு அறிவியாது சேர்ப்பதும் தீது.

வளைவிலே காத்திருக்கும் இடர்

இதுகாறும் குளுக்கோசு மிகுதலைப் பற்றிக் கூறினோம். சாரதிக்கு அதனினும் உடனடியான இடர், அது திடீரெனக் குறைதலே. மெற்போமின் ஒன்றையே கொள்வோருக்கு இது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற வில்லைகளையோ இன்சுலினையோ கொண்டுவிட்டு, பாரமேற்றும் அவசரத்தில் உணவைத் தவறவிட்டால் குளுக்கோசு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுங்கும், குளிரிலும் வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி எழும், பின்னர்ப் பார்வை மங்கிச் சிந்தை தடுமாறும். அருகிலிருப்போர் உறக்கமென்றோ மதுமயக்கமென்றோ எண்ணுவர். கினிகத்தேனையின் இறக்கத்தில், ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான வளைவில், அத்தடுமாற்றம் அவன் ஒருவனுயிரோடு நில்லாது எதிரே வரும் பேருந்திலுள்ளாரையும் சேரும்.

செய்யத்தக்கது இது. முதற்குறி தோன்றியவுடன் வண்டியை ஓரத்தில் நிறுத்துக. மூன்று நான்கு தேக்கரண்டி சீனியையோ குளுக்கோசுத் தூளையோ நீரிற் கரைத்து அருந்துக. பதினைந்து நிமிடம் பொறுத்து, குறி தணியாவிடின் மீண்டும் அருந்துக. தணிந்தபின் ரொட்டியோ சோறோ உண்க. பிரித்தானிய விதி, குளுக்கோசு வழமைக்கு மீண்டபின்னும் 45 நிமிடம் கழிந்தே வண்டியைச் செலுத்தலாம் என்கின்றது. மூளை தெளிய அத்துணை நேரம் வேண்டும். நாளெல்லாம் சீனியை விலக்கும் சாரதி, ஒரு சிறு பொதி சீனியைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் முரணன்று. அஃது அவனுக்கு மருந்தாகும். வண்டி உதவியாளும் இக்குறிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

விரதம் அனுட்டிப்போர்க்கும் ஒரு சொல். கந்தசஷ்டியிலோ சிவராத்திரியிலோ உண்ணாதிருந்து, வில்லையை மட்டும் வழமைபோற் கொண்டு சுக்கானைப் பிடித்தல் பேரிடர். விரதத்திற்கு ஒருபொழுது, பாலும் பழமும் என்று பல படிகளை நம் முன்னோர் வகுத்துள்ளனர். தம் உடலுக்கேற்ற படியை வைத்தியரோடு ஆராய்ந்து தெரிந்து, இயலுமாயின் அந்நாட்களில் வண்டி ஓட்டாதிருத்தலே அறிவுடைமை. பிறருயிருக்கு ஊறு செய்யாமையும் விரதத்தின் ஓர் உறுப்பே.

இன்சுலின் கொள்வோர் அதனை லொறியின் முன்தட்டில் வெயில்பட வைத்தலாகாது. 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அதன் ஆற்றலைக் கெடுக்கும். ஈரத்துணி சுற்றிய சிறு மட்கலம் நல்ல காவல். ஆசனத்தின் கீழே எஞ்சின் வெப்பம் ஏறுமாதலின் அதுவும் ஏற்ற இடமன்று.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

நோயை வெளிப்படுத்தினால் வேலை போகும் என்னும் அச்சமே பல சாரதிமாரைக் கெடுக்கின்றது. அவர்கள் வைத்தியசாலைக்குச் செல்லார். சென்றாலும் தொழிலைச் சொல்லார். வில்லையைக் கொள்வதும் விடுவதுமாக இருப்பர். உலகம் இவ்விடயத்திற் சற்றே மாறிவருகின்றது. பிரித்தானியா 2011 ஆம் ஆண்டு முதலும், அமெரிக்கா 2018 ஆம் ஆண்டின் புதிய விதியினாலும், இன்சுலின் கொள்ளும் சாரதிமாரும் குளுக்கோசை ஒழுங்காகச் சோதித்துக் கணக்கு வைப்பின் பார வண்டி ஓட்ட இடங்கொடுத்துள்ளன. புறப்படுமுன் ஒருமுறையும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோதித்தல் பிரித்தானிய முறை. 90 மில்லிகிராமுக்குக் குறைந்தால் உண்டுவிட்டே புறப்படுக என்பதும் அதன் அறிவுரை. இதனாற் பெறப்படுவது யாதெனில், ஆபத்து நோயிலே இருப்பதினும் கவனியாமையிலே மிகுதியாக இருக்கின்றது என்பதே. நம் நாட்டிற் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டப்படுகின்றது. அங்கும் தம் வைத்தியரிடத்தும் உண்மை கூறி, உணவுத் தவறலால் குளுக்கோசைக் கீழிறக்காத மருந்து தமக்குப் பொருந்துமோ என்று கேட்பதே நேர்வழி. மருந்தின் அளவைத் தாமே மாற்றிக்கொள்ளல் ஒருபோதும் தகாது.

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்; தொற்றாநோய்களை முற்கூட்டியே கண்டறியும் நிலையங்களும் 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும் கிளினிக் நாள் பெரும்பாலும் வாரநாட் காலையில் அமைகின்றது. அவ்வேளையிற் சாரதி சந்தையிலோ சாலையிலோ இருக்கின்றார். ஈண்டே லொறி உடைமையாளரின் கடமை தோன்றுகின்றது. மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஊதியங் குறையாது விடுதல், ஒரு குளுக்கோசுமானியை வண்டியில் வைத்தல், உண்ணுதற்கு அரைமணி நேரம் பயணக் கணக்கிற் சேர்த்தல் ஆகியன செய்வார்க்குப் பெருஞ்செலவில்லை. கவிழ்ந்த ஒரு லொறியின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு ஒன்றுமேயில்லை. கடைக்காரரும் 'பாதிச் சோறு, இரட்டை மரக்கறி' என்னும் தட்டொன்றை வழமையாக விற்பாராயின், கேட்க நாணுவோரும் வாங்குவர்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் யாவர்க்கும் ஒரு விண்ணப்பம். நும் குடும்பத்திலோ அயலிலோ சுக்கான் பிடிப்பார் ஒருவர் இருப்பின், இக்கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டுக. அவர் வீட்டார் இன்று மாலை கட்டும் பொதியில் இரண்டு கரட்டும் ஒரு கிண்ணம் கடலையும் சேரட்டும். சட்டைப்பையில் ஒரு சிறு பொதி சீனி இருக்கட்டும். கினிகத்தேனையின் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தும்போது, "சீனி வேண்டாம்" என்று அவர் வாயால் வரும் முதற்சொல்லே அவர் காக்கத் தொடங்கிய பத்தியத்தின் தொடக்கமாகும்.